பூசையில் வைத்த ஹார்ப்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கீரிமலைக் கடற்கரையில் நான் முதலில் கண்டது ஒரு பல்செற். மேல்வரிசை. இளஞ்சிவப்புப் பல்முரசில் பதினான்கு பற்களோடு இரண்டு பாறைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தது. இறந்துபோன யாரோ ஒருவருடைய அந்தியேட்டிக் கிரியையை முடித்து, சாம்பலோடு அவருடைய சாமான்களையும் கடலில் விட்டிருக்கிறார்கள். கடல் சாம்பலை எடுத்துக்கொண்டு பல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. சுற்றிவரக் கிடந்தவற்றையும் பார்த்தேன். உடைந்த முட்டி ஓடுகள், தர்ப்பை, எண்ணெய் பிசுபிசுத்த லஞ்ச் சீற்றுகள், யோகட் கோப்பைகள், பாதி வேட்டி. ஒரு காகம் பிண்டச் சோற்றைத் தீண்டாமல் மிக்சர் பைக்கற் ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"இந்த இடம்தான் அக்கா. பின்னாலை கடல் வடிவா விழும். உங்கடை யாழை இதிலை இறக்குங்கோ" என்றார் வீடியோக்காரர்.

அவர் யாழ் என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஹார்ப் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அது ஹார்ப். முப்பத்துநான்கு தந்திகள். நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சளவு வரும். கதிரையில் இருந்து, அதை வலது தோளில் சாய்த்து, இரு பக்கமும் கை கொடுத்து வாசிக்க வேண்டும். நோர்வேயில் இருக்கும் என் அக்கா, அங்கே ஒரு இசைப் பள்ளியை மூடியபோது வாங்கிக் கப்பலில் அனுப்பியது. வந்து ஏழு வருடமாகிறது. சொல்லித்தர இங்கே ஆள் இல்லை. இணையத்தில் பார்த்து, கொக்குவிலில் எங்கள் வளவுக்குள், மதிலுக்கு உள்ளே, மாமரத்தின் கீழ் இருந்து பழகினேன். வீட்டுக்குள் புழுக்கம். வெளியே காகமும் எறும்பும் ரயிலும். ரயில் போகும்போது அடித் தந்திகள் தாமாகவே அதிரும்.

எனக்கு ஒரு குறை இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தேன். அச்சுக்குப் போகும் முன் பிழை பிடிப்பது என் வேலை. வேலையை விட்ட பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. ஒரு தந்தி பிசகினால் கை நின்றுவிடும். திரும்ப முதலில் இருந்து தொடங்குவேன். மறுபடி பிசகும். மறுபடி முதலில் இருந்து. இப்படி ஏழு வருடத்தில் ஒரு மெட்டைக்கூடத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நான் வாசித்து முடித்ததில்லை.

இந்த வருடம் அக்கா ஐந்து கிழமை லீவில் வந்தாள். அவளுடைய இடது காது மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது. காதுக்குப் பின்னால், நரம்பில், ஒரு கட்டி. இப்போது வலது பக்கமும் ஒன்று. திரும்பிப் போனதும் சத்திரசிகிச்சை. அதன் பிறகு அந்தக் காதும் கேட்காது என்று அங்குள்ள வைத்தியர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். அவள் அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டிவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்து, மாமரத்தின் கீழ் கதிரையைப் போட்டு அமர்ந்தாள்.

"வாசி" என்றாள்.

வாசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நின்றேன். திரும்பத் தொடங்கினேன்.

"உன்ரை பாட்டு ஒண்டை நான் முழுசாக் கேட்டதே இல்லையடி. போனிலை கேட்டாலும் பாதி. நேரிலை கேட்டாலும் பாதி. நான் அனுப்பின சாமான், நான் முழுசா ஒருக்காக் கேக்கக்கூடாதோ?"

தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. மதிலுக்கு அப்பால் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தவர் கூட்டுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

"ஆக்களுக்கு முன்னாலை போய் வாசி. அப்பதான் நீ திரும்பிப் போகமாட்டாய். வெக்கத்திலையாவது முடிப்பாய்" என்றாள்.

சரியான யோசனைதான். நான் முடிக்க வேண்டியது நான்கு நிமிட மெட்டு ஒன்று. மூன்று பகுதி. அக்காவுக்கு இருந்தது ஐந்து கிழமை.

ஆகவேதான் கீரிமலை. லண்டனில் இருந்து வந்த ஒரு குடும்பம் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு செய்தது. மண்டபத்துச் சடங்குக்கு முன்பாக வெளியில் போய்ப் படம் பிடிப்பதும் இப்போது சடங்கில் ஒரு பகுதி. அதை அவுட்டோர் என்கிறார்கள். போன வருடம் குதிரை. அதற்கு முந்திய வருடம் பழைய மொரிஸ் மைனர் கார். இந்த வருடம் வீடியோக்காரருக்கு என் ஹார்ப்பைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு நிபந்தனை வைத்தேன். படம் எடுத்து முடிந்ததும் நான் நான்கு நிமிடம் வாசிப்பேன், எல்லோரும் இருந்து கேட்க வேண்டும்.

"அதுக்கென்ன அக்கா! குடும்பம் முழுக்க நிக்கும். வடிவாக் கேப்பினம்" என்றார்.

பிள்ளைக்குப் பதின்மூன்று வயது இருக்கும். லொறியில் கொண்டுவந்த சிவப்பு மெத்தைச் சிம்மாசனத்தில் அவளை இருத்தி, முன்னால் ஹார்ப்பை வைத்தார்கள். முன்பின்னாக. அப்படி வைத்தால் வாசிக்க முடியாது என்று சொன்னேன்.

"அந்தப் பக்கம்தான் வடிவு அக்கா. பிள்ளை, அந்தக் கம்பியிலை கையை வையுங்கோ. வாசிக்கிற மாதிரி. வாசிக்கக் கூடாது. மாதிரி."

ஹார்ப்பில் சில தந்திகள் சிவப்பு, சில கறுப்பு. வாசிப்பவர் இடம் தவறாமல் இருக்க அடையாளத்துக்கு அப்படி வைப்பார்கள். பிள்ளையின் தாய் சிவப்புத் தந்தியைப் பிடித்து இழுத்து, மகளின் சேலையோடு வைத்துப் பார்த்து, "மச் பண்ணுது" என்றார். பிறகு பிள்ளையின் தலைக்கு ஸ்பிரே அடித்தார்கள். அந்த ஈரம் தந்திகளில் போய்ப் படிந்தது. பிறகு இரண்டு புகைக் குண்டுகளைக் கொளுத்தினார்கள். ஒன்று ஊதா, ஒன்று ரோஸ். புகை அடங்கியபோது ஹார்ப்பின் பலகை முழுவதும் ரோஸ் நிறத் தூள். வீடியோக்காரர் தன் காலால் அந்தப் பல்செற்றைத் தண்ணீருக்குள் தள்ளினார். படத்தில் விழுந்துவிடுமாம். அடுத்த அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

ஏழு இருபத்தைந்துக்கு என் முறை வந்தது. அக்காவைப் பக்கத்தில் ஒரு கல்லில் இருத்தினேன், வலது காது என் பக்கம் வர. குடும்பத்தில் பதினேழு பேர் நின்றார்கள். தொடங்கினேன். முதற்பகுதியில் பாதி போயிருக்கும், தலைக்கு மேல் ட்ரோன் கிளம்பியது. பதினேழு பேரும் என்னை விட்டுவிட்டு மேலே பார்த்துக் கை காட்டினார்கள். அது இறங்கி, என்னைச் சுற்றி, முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. என் மயிர் பறந்தது. தந்திகளின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதையுங்கோ அக்கா! சத்தம் பிரச்சினையில்லை. நான் வேறை பாட்டுப் போட்டு மறைப்பன்!" என்று கத்தினார் வீடியோக்காரர்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அதென்னடி இலையான் பறக்கிற மாதிரிச் சத்தம்?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் காணொளி வெளியானது. என் கைகள் எட்டு விநாடி வருகின்றன. அதற்கு வயலின் போட்டிருந்தார். கீழே எழுதியவர்கள் எல்லோரும் யாழின் ஓசை கண்ணீரை வரவழைத்தது என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாக வாசித்தேன். வயலின் என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

உப்பும் தூளும் துடைத்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. இனி வெளியே கொண்டுபோவதானால் உறை வேண்டும் என்று பட்டணத்தில் ஒரு தையற்கடை ரைலரிடம் போனேன். தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது பிள்ளையாகப் போனவர். புத்தளத்தில் தொழில் பழகி, திரும்பி வந்து, உடைந்த தகப்பன் கடையின் ஒரு பாதியைத் திருத்திக்கொண்டு இருக்கிறார். ஹார்ப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இது நிக்கிற சாமானோ, போய் வாற சாமானோ?"

"போய் வாற சாமான்."

"அப்ப பிடி ரெண்டு வேணும். வாசிக்கேக்குள்ளை எங்கை தோள் படும்? உறையைப் பாதி கழட்டியும் வாசிக்கலாம், ஆனா அந்த இடத்திலை தையல் வரக்கூடாது."

காட்டினேன். அவர் ஒரு விரலால் நடுத் தந்தி ஒன்றைத் தட்டினார். அதன் ஒலி அடங்கும்வரை அளவு நாடாவைத் தொடாமல் நின்றார். பிறகு அளவெடுத்தார். ஒரு மனிதரைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு இந்த ஐந்து கிழமையில் கிடைத்தது இவ்வளவுதான்.

காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் சாவகச்சேரியில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற உப அதிபர். குரலில் கரும்பலகை தெரிந்தது.

"பிள்ளை, எங்கடை வாணி விழாவுக்கு உங்கடை யாழ் வரவேணும். யாழ்ப்பாணத்திலை யாழ் வைச்சிருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். எவ்வளவு பெருமை!"

இந்தப் பெருமையைப் பற்றி எனக்குத் தெரியும். இந்த ஊரில் யாழின் படம் இல்லாத சுவரைத் தேடத்தான் வேண்டும். ஊர் வரவேற்பு வளைவில் இருக்கிறது, கலண்டரில் இருக்கிறது, சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையில் இருக்கிறது, பரிசளிப்பில் கொடுக்கும் பிளாஸ்ரிக் கேடயத்தில் பொன்னிறத்தில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் தந்திகள் ஒன்றிலும் கட்டாமல் பாதியில் நிற்கும். அதை வாசிக்கலாம் என்பது அதைக் கீறியவர்களுக்குத் தெரியாது. கீறச் சொன்னவர்களுக்கும் தெரியாது.

"நான் வந்து வாசிக்க வேணுமோ, யாழ் வந்தால் போதுமோ?" என்று கேட்டேன்.

"என்ன கதை கேக்கிறியள்! நிகழ்ச்சி நிரலிலை போட்டாச்சு. ஆறாவது நிகழ்ச்சி, யாழிசை. ஆனா சாமான் முதல் நாளே வரவேணும். பந்தல் ஒழுங்கு செய்யவேணும். ஏத்திக்கொண்டு வர நாங்கள் வான் அனுப்புறம்."

விழா நவராத்திரியின் ஒன்பதாம் நாள், பின்னேரம் நான்கு மணி. அன்று இரவு ஏழு மணிக்கு அக்காவைக் கொழும்புக்கு ஏற்றிப் போக வான் வரும். விடிந்தால் விமானம். இடையில் வேறு நாள் இல்லை. நான் சம்மதித்தேன்.

அங்கேதான் என் பிழை. நானும் சைவக் குடும்பம்தான். நவராத்திரியின் கடைசியில் புத்தகங்களையும் வாத்தியங்களையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூசை முடித்து இறக்கும்வரை யாரும் தொட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சந்தோஷமாக விளையாடியவள் நான். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் பிழையைப் பிடித்தவள், எட்டாம் நாள் வானில் ஹார்ப்பை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுக் கை காட்டி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் மூன்றரைக்கு அக்காவும் நானும் போய் இறங்கினோம். பந்தலுக்குள் நுழைந்ததும் கண்டேன். மேடையின் ஒரு பக்கத்தில் மர வாங்குகளை அடுக்கி, சிவப்புத் துணி விரித்து, மூன்று படி கட்டியிருந்தார்கள். மேற்படியில் சரஸ்வதி படம், கும்பம். கீழ்ப்படியில் பிள்ளைகளின் புத்தகங்கள். இரண்டாம் படியில், நடுவில், என் ஹார்ப்.

அதன் கழுத்தில் செவ்வந்தி மாலை. தூணில் சந்தனமும் குங்குமமும். முன்பலகையில் திருநீற்றை நீரில் குழைத்து மூன்று குறி. அத்தோடு விடவில்லை. முப்பத்துநான்கு தந்திகளுக்கும் ஒவ்வொரு சந்தனப் பொட்டு. காய்ந்து வெடித்திருந்தது. சுருதி கூட்டும் ஆணிகளுக்கு இடையில் ஊதுபத்தி செருகியிருந்தார்கள். அதன் சாம்பல் தந்திகள் மேல் வளைந்து விழுந்துகொண்டிருந்தது. ஹார்ப்பின் பின்பக்கத்தில் சத்தம் வெளிவரத் துளைகள் உண்டு. குனிந்து பார்த்தேன். ஒரு துளைக்குள் வாழைப்பழத் தோல். எறும்புகள் வரிசையாகப் போய் வந்தன. ரைலர் இரண்டு பிடி வைத்துத் தைத்த உறையைத் தேடினேன். அதை மடித்து, பிரதம விருந்தினரின் கதிரைக்கு மெத்தையாகப் போட்டிருந்தார்கள்.

செயலாளர் பட்டு வேட்டியில் வந்தார். "எப்பிடி? வடிவா வைச்சிருக்கிறமோ?"

"ஐயா, இதை இறக்கித் தாங்கோ. நான் துடைச்சுச் சுருதி சேர்க்க ஒரு அரை மணித்தியாலம் வேணும்."

அவர் நான் ஏதோ தகாத வார்த்தை சொன்னதுபோலச் சுற்றிவரப் பார்த்தார். "இறக்கிறதோ? என்ன பிள்ளை, பூசையிலை ஏத்தியாச்சு. ஐயர் வந்து மந்திரம் சொல்லித் தீபம் காட்டியாச்சு. பூசையிலை வைச்ச சாமானைத் தொடுறதே?"

"அப்ப ஆறாவது நிகழ்ச்சி?"

"அதைப் பாத்துக்கொள்ளுறம். நாளைக்கு விடிய ஏடு தொடக்கினாப் பிறகு இறக்கித் தாறம். பிறகு எவ்வளவும் வாசியுங்கோ. ஆர் வேண்டாமெண்டது?"

"நாளைக்கு என்ரை அக்கா இங்கை இல்லை. அவ கேக்கவேணுமெண்டுதான் வந்தனான்."

"அடுத்த வருஷமும் விழா வரும்தானே. கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

"அடுத்த வருஷம் அவவுக்குக் காது கேக்காது. ஒப்பரேசன்."

"ஐயோ" என்றார். உண்மையாகவே வருந்தினார். நெற்றிச் சந்தனம் சுருங்கியது. "அப்ப அம்பாளிட்டைச் சொல்லுங்கோ. இண்டைக்கு நல்ல நாள்."

சொல்லிவிட்டுக் கடலைத் தட்டுகள் பக்கம் போனார்.

அக்கா முன்வரிசையில் இருந்தாள். நடந்ததை ஒரு துண்டில் எழுதிக் காட்டினேன். பந்தலுக்குள் ஸ்பீக்கர் அலறியதால் அவளோடு கதைக்க முடியவில்லை. வாசித்துவிட்டு, ஹார்ப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எறும்பு ஏறுது" என்று உரக்கச் சொன்னாள்.

பிரதம விருந்தினர் ஒரு மணி பத்து நிமிடம் பிந்தி வந்து என் உறையின் மேல் இருந்தார். வரவேற்புரை. தலைமையுரை. ஆசியுரை. அவல், கடலை, எண்ணெய்க் கை. முன்வரிசையில் ஒருவர் கடலைத் தோலைத் தன் சால்வையால் மூடியபடி காலடியில் துப்பினார். நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். என்னை யாழிசை நங்கை என்று போட்டிருந்தார்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. அந்த ஒற்றைத் தாளில் நான்கு அச்சுப்பிழை.

ஐந்து ஐம்பதுக்கு அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "அடுத்து ஆறாவது நிகழ்ச்சி, யாழிசை! யாழ் பூசையில் வீற்றிருப்பதால், அந்த இசைக்குப் பதிலாக, யாழின் பெருமை என்னும் பொருளில் எங்கள் செயலாளர் ஐயா உரையாற்றுவார்!"

கை தட்டினார்கள். செயலாளர் தொண்டையைச் செருமினார். யாழ் எங்கள் முகவரி என்று தொடங்கினார். அந்த ஒலியை நாங்கள் இழந்துவிட்டோம் என்றார். அந்த ஒலி இனி எந்தக் காதில் விழும் என்று கேட்டார். நல்ல குரல். கேட்டுவிட்டு, பதில் வருவதற்காக என்பதுபோலக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினேன். அதில் துணிச்சல் ஒன்றுமில்லை, அதற்கு மேல் இருந்து கேட்க முடியவில்லை. கீழ்ப்படியில் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். மாலையைக் கழற்றிக் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊதுபத்தியை உருவினேன். சேலைத் தலைப்பால் தந்திகளை மேலிருந்து கீழாக வழித்தேன். சந்தனம் மாவாகக் கொட்டியது. பழத்தோலை எடுக்க நேரமில்லை. ஹார்ப்பை முன்னால் தரையில் இறக்கி, தோளில் சாய்த்துத் தொடங்கினேன்.

"பிள்ளை!" என்றார் செயலாளர், மைக்கிலேயே. பந்தல் முழுக்கக் கேட்டது. நான் நிறுத்தவில்லை. ஆட்களுக்கு முன்னால், பூசையில் வைத்த சாமானைக் கையால் பறிக்க அவருக்கும் முடியவில்லை, தொட்டால் அவருக்கும்தானே தோஷம். "தம்பி, மைக்கைக் கொஞ்சம் கூட்டும்" என்று சவுண்ட்காரரிடம் சொன்னார். கூட்டினார்கள். யாழின் பெருமை என் ஹார்ப்புக்கு மேலாகப் பந்தலில் முழங்கியது.

அக்கா எழுந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மேடைக்கு ஏறிவந்து, எனக்கு எதிரே முழந்தாளிட்டு, தலையைச் சரித்து, வலது காதை ஹார்ப்பின் பலகையில், திருநீற்றுக் குறியின் மேல், அழுத்தி வைத்தாள். கண்ணை மூடினாள். என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் தந்திகள் மட்டும்.

முதற்பகுதி முடிந்தது.

"அங்கை பாருங்கோ, அந்த அம்மா கும்பிடுறா" என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னது கேட்டது. "பாவம், ஏதோ நேத்திக்கடன் போலை." பச்சைச் சேலை கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். அக்காவுக்குப் பின்னால் நின்று, அவள் எழும்பாததைக் கண்டு, பக்கத்தால் குனிந்து பலகையின் விளிம்பில் நெற்றியை வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு ஒரு வரிசை. ஒவ்வொருவராக வந்து முட்டினார்கள். ஒவ்வொரு முட்டலுக்கும் ஹார்ப் என் தோளில் இடித்தது. ஒருவர் என் மடியில் கொட்டியிருந்த சந்தனத்தை வழித்துக் கழுத்தில் பூசிக்கொண்டார். ஒருவர் என் தலையில் பூப் போட்டார்.

"சாமி வந்திட்டுதோ அக்காவுக்கு?" என்று ஒரு குரல்.

"சும்மா இரும். வாசிக்கிற ஆளுக்குத்தான் வந்திருக்கு, கண்ணைப் பாருமன்."

வியர்வையும் கடலை எண்ணெயும் மல்லிகையும் சேர்ந்த மணம். இரண்டாம் பகுதியில் யாரோ முட்டியபோது என் இடக்கை ஒரு தந்தி தள்ளி விழுந்தது. பிழை. கை நின்றது. அரை விநாடி இருக்கலாம். அக்கா கண்ணைத் திறந்தாள். நான் அடுத்த தந்தியைத் தொட்டேன். அதற்கடுத்ததை. திரும்பிப் போகவில்லை. மூன்றாம் பகுதி முழுவதும் செயலாளரின் குரலுக்குள்ளும் பூவுக்குள்ளும் போய், முடிந்தது. கடைசித் தந்தியில் கையை வைத்து அடக்கினேன். அதே நேரம் செயலாளரும் நன்றி வணக்கம் என்றார். கை தட்டல் அவருக்கு.

அக்கா தலையை நிமிர்த்தினாள். கன்னத்தில் மூன்று வெள்ளைக் கோடு. வரிசையில் நின்ற பெண்கள் அவள் ஏதோ அருள்வாக்குச் சொல்லப் போகிறாள் என்று காத்து நின்றார்கள். ஸ்பீக்கர் ஓய்ந்திருந்தது. அவள் தன் வழக்கமான உரத்த குரலில் சொன்னாள்:

"ரெண்டாம் பகுதியிலை ஒரு இடம் பிழைச்சுதடி!"

"ஓம்" என்றேன்.

விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஹார்ப்பை அப்படியே படியடியில் விட்டுவிட்டு வந்தோம். ஏழு மணிக்கு வான் வந்தது.

சத்திரசிகிச்சை அவள் போன இரண்டாம் கிழமை நடந்தது. அக்காவும் நானும் இப்போது எழுதித்தான் கதைக்கிறோம்.